தீர விசாரிப்பதே மெய்: டோபாலஜியில் விடைக்காகக் காத்திருக்கும் கேள்விகள்

(கணிதத் துறையின் ஆண்டுச் சொற்பொழிவு, எழுத்து வடிவில்)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் துணைவேந்தர் அவர்களே, முன்னிலை வகிக்கும் முதல்வர் அவர்களே, இந்தச் சொற்பொழிவு ஆண்டுதோறும் நடக்க அறக்கட்டளை நிறுவி, இன்று முதல் வரிசையில் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பெரியவர் அவர்களே, வரவேற்புரை ஆற்றிய துறைத்தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, ஆய்வு மாணவர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் இளங்கலை மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

துணைவேந்தர் அவர்கள் தமது தலைமையுரையில், "கணிதத்தை எழுதி முடித்துவிட்ட பாடமாக யாரும் நினைக்க வேண்டாம்" என்று சொன்னார்கள். நான் ஒரு மணி நேரம் பேச வந்ததை ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கு என் நன்றி. பழைய ஆய்விதழ்களை அடுக்கிலிருந்து தேடி எடுத்துத் தந்த நூலகர் அவர்களை இந்த மேடையில் நினைக்காமல் விட்டால் அது தவறு. அவர் எடுத்துத் தந்த தொகுதிகள் இல்லாமல் இந்த உரையே இல்லை.

இன்று நான்கு கேள்விகளை உங்கள் முன் வைக்கப்போகிறேன். ஒன்று, மூடிய வளைகோட்டுக்குள் சதுரம் தேடும் கேள்வி. இரண்டு, நான்கு பரிமாணக் கோளம் பற்றியது. மூன்று, ஒரு வடிவத்தின் சமச்சீர்கள் எவ்வளவு விநோதமாக இருக்கலாம் என்று கேட்கும் ஹில்பர்ட்–ஸ்மித் ஊகம். நான்கு, ஒரு வகை வடிவங்களை அவற்றில் வரையும் கண்ணிகளை வைத்தே முழுதாக அடையாளம் காணலாமா என்ற போரெல் ஊகம். நான்குமே மேனிஃபோல்டுகளையும் தொடர்ச்சியான சார்புகளையும் பற்றியவை. நான்குக்கும் இன்றுவரை முழு விடை கிடையாது.

என்னை அறிந்தவர்களுக்கு, நான் எந்த மேடையிலும் சொல்லாமல் விடாத பழமொழி ஒன்று உண்டென்பது தெரியும். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்." கிழிக்காமல் இழுத்தாலும் வளைத்தாலும் மாறாத பண்புகளை ஆராயும் கணிதப் பிரிவான டோபாலஜிக்கென்றே யாரோ சொல்லிவைத்துவிட்டுப் போன வாக்கு இது என்று எனக்குத் தோன்றும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். அருகருகே உள்ள புள்ளிகளை அருகருகேதான் கொண்டுபோய்ச் சேர்ப்பேன், எங்கும் கிழிக்கமாட்டேன் என்று உறுதி தரும் சார்பு தொடர்ச்சியான சார்பு. எந்தப் புள்ளியில் நின்று சுற்றிப் பார்த்தாலும் நமக்குப் பழகிய சாதாரண வெளியைப் போலவே தோன்றும் வடிவம் மேனிஃபோல்டு. கோளத்தின் மேற்பரப்பு அப்படி ஒன்று: பக்கத்தில் பார்த்தால் சமதளம், முழுதாகப் பார்த்தால் அல்ல. புள்ளிகளை ஒன்றுக்கு ஒன்றாக இணைத்து, போகும்போதும் அதே வழியில் திரும்பி வரும்போதும் தொடர்ச்சியாக இருக்கும் சார்பு கிடைத்தால் இரண்டு வடிவங்களையும் ஒன்றென்றே கணக்கில் வைத்துக்கொள்கிறோம். இவ்வளவு போதும்.

இப்போது ஒரு வரலாறு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1877ஆம் ஆண்டு ஜூன் 20. கணிதர் கேன்டர் தம் நண்பரும் கணிதருமான டெடிகிண்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ஒரு கோட்டுத் துண்டில் உள்ள புள்ளிகளையும் ஒரு சதுரத்தில் உள்ள புள்ளிகளையும், ஒன்றுகூட மிஞ்சாமல், ஒன்றுக்கு ஒன்றாக இணைக்க முடியும் என்கிறார். நீளம் மட்டுமே உள்ள கோடு எங்கே, நீளமும் அகலமும் உள்ள சதுரம் எங்கே! முடியாது என்பதற்கு நிரூபணம்கூட வேண்டியதில்லை என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். கேன்டர் சொன்ன வழியோ பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். சதுரத்தில் ஒரு புள்ளிக்கு இரண்டு தசம எண்கள். முதல் எண்ணின் முதல் இலக்கம், இரண்டாம் எண்ணின் முதல் இலக்கம், மறுபடி முதல் எண்ணின் இரண்டாம் இலக்கம் என்று மாற்றி மாற்றி எடுத்துக் கோத்தால் ஒரே எண். சதுரத்தின் புள்ளி கோட்டின் புள்ளியாகிவிட்டது.

இரண்டே நாளில் டெடிகிண்டிடமிருந்து பதில் வந்தது. இங்கேதான் கவனிக்க வேண்டும். பாராட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாமல் அவர் ஒரு ஓட்டையைக் காட்டினார். 0.5000 என்று முடிவில்லாமல் போகும் எண்ணும் 0.4999 என்று முடிவில்லாமல் போகும் எண்ணும் ஒன்றே. குழப்பம் வராமலிருக்க, பூச்சியமாகவே போய்க்கொண்டிருக்கும் வடிவத்தை விலக்கிவைக்க வேண்டும். சரி, இப்போது கோட்டில் 0.51010101… என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பிரித்தால் ஒன்று 0.5000…, மற்றது 0.1111…. முதலாவதைத்தான் நாம் விலக்கிவிட்டோமே! ஆகவே கோட்டில் இந்தப் புள்ளிக்குச் சதுரத்தில் இணை கிடையாது. இது போல எத்தனையோ.

கேன்டர் அதை ஒப்புக்கொண்டார். சில நாளில், பின்னத்துக்குள் பின்னமாகப் போகும் தொடர் பின்னங்களை வைத்து வேறொரு நிரூபணம் எழுதி அனுப்பினார். அனுப்பிவிட்டும் மனம் ஆறவில்லை. ஜூன் 29 கடிதத்தில், நீங்கள் சரியென்று சொல்லும்வரை நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான் என்று எழுதி, பிரெஞ்சு மொழியில் ஒரு வரி சேர்த்தார்: "நான் அதைக் காண்கிறேன், ஆனால் நம்பவில்லை." கண்டுபிடித்தவரே சொல்கிறார்! கண்ணால் காண்பதும் பொய். டெடிகிண்ட் நிரூபணத்தை வரிவரியாகப் படித்துச் சரியென்று எழுதினார்; கூடவே ஒரு எச்சரிக்கையும் தந்தார். பரிமாணம் மாறும்படி இணைத்தால் அந்த இணைப்பு தொடர்ச்சியானதாக இருக்க முடியாது என்பது அவர் கணிப்பு. அது தேற்றமாக 1911ஆம் ஆண்டு ஆகிவிட்டது, பிரவுவர் கையால். இடையே பலர் நிரூபித்ததாக எழுதினார்கள், நிரூபணங்கள் நிற்கவில்லை. 1890இல் பியானோ, சதுரம் முழுவதையும் நிரப்பும் தொடர்ச்சியான வளைகோட்டைக் கட்டிக் காட்டினார். ஆனால் அது சில புள்ளிகளை ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தொடும். இரண்டையும் ஒருசேர அடைய முடியாது என்பதை உறுதியாகச் சொல்ல முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அதே 1911இல்தான் டோப்லிட்ஸ் நம் முதல் கேள்வியைக் கேட்டார். தளத்தில் தன்னைத்தானே வெட்டாத மூடிய வளைகோடு ஒன்றை எப்படி வேண்டுமானாலும் வரைந்துகொள்ளுங்கள். அதன்மேல் ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளும் அமையும்படி நான்கு புள்ளிகள் எப்போதும் கிடைக்குமா? வழவழப்பான கோடுகளுக்குக் கிடைக்கும் என்று ஷ்னிரெல்மான் 1929இல் காட்டினார். தொடர்ச்சி ஒன்றைத் தவிர வேறெதையும் கேட்காத கோடுகளுக்கு இன்னும் தெரியாது. கரடுமுரடான கோட்டை வழவழப்பான கோடுகளால் நெருங்கலாமே என்பீர்கள். நெருங்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு சதுரம் கிடைக்கும். ஆனால் அந்தச் சதுரங்கள் சுருங்கிச் சுருங்கி ஒரே புள்ளியாகிவிட்டால் கடைசியில் கையில் எதுவும் மிஞ்சாது. இந்த ஒரு தடையைத் தாண்ட ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் வழியில்லை.

சதுரம் வேண்டாம், செவ்வகம் போதும் என்றால் விடை உண்டு. வான் (Vaughan) என்ற கணிதர் கண்ட அந்த நிரூபணத்தைச் சொல்லாமல் மேடையிலிருந்து இறங்க எனக்கு மனம் வராது. கோட்டின்மேல் இரண்டு புள்ளிகளை, எது முதல் என்று பாராமல், ஒரு சோடியாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட சோடிகள் எல்லாம் சேர்ந்து ஒரு மோபியஸ் பட்டை, அதாவது ஒரு முறுக்குப் போட்டு முனைகளை ஒட்டிய பட்டை. ஒவ்வொரு சோடிக்கும் நடுப்புள்ளியைத் தளத்தில் குறித்து, அதற்கு நேர் மேலே, இரு புள்ளிகளுக்கும் உள்ள தூரத்தின் உயரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இது பட்டையிலிருந்து முப்பரிமாண வெளிக்குப் போகும் தொடர்ச்சியான சார்பு. பட்டையின் ஓரம் நம் வளைகோட்டின் மேலேயே வந்து விழும். எந்த இரண்டு சோடியும் ஒரே இடத்துக்குப் போகவில்லை என்று வைத்துக்கொண்டால், வளைகோட்டின் உட்பகுதியையும் சேர்த்து ஒட்டும்போது முப்பரிமாண வெளியில் தன்னைத்தானே வெட்டாத, வீழ்தளம் (projective plane) எனப்படும் மூடிய பரப்பு கிடைத்துவிடும். அது நடக்கவே நடக்காது. ஆகவே ஏதோ இரண்டு சோடிகளுக்கு நடுப்புள்ளியும் ஒன்று, நீளமும் ஒன்று. மூலைவிட்டங்கள் சமமாக இருந்து ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டினால் அது செவ்வகம்தானே! 2020ஆம் ஆண்டு கிரீனும் லாப்பும், வழவழப்பான கோடாக இருந்தால் எந்த நீள அகல விகிதத்திலும் செவ்வகம் கிடைக்கும் என்று நிரூபித்தார்கள். இங்கேயும் வழவழப்பு தேவைப்படுகிறது.

அடுத்து நான்கு பரிமாணம். 1904இல் புவான்கரே கேட்டார்: ஓரமில்லாத, அளவில் முடிவுற்ற மூன்று பரிமாண மேனிஃபோல்டில் எந்தக் கண்ணியையும் ஒரு புள்ளியாகச் சுருக்க முடிந்தால், அது மூன்று பரிமாணக் கோளம்தானா? இதையே மற்றப் பரிமாணங்களுக்கும் உரியபடி கேட்டார்கள். ஐந்தும் அதற்கு மேலும் 1960களின் தொடக்கத்தில் ஸ்மேலால் முடிந்தன. நான்கு, ஃப்ரீட்மேனின் 1982 கட்டுரையில். மூன்று, 2002–2003இல் பெரல்மான் இணையத்தில் வைத்த கட்டுரைகளில். எல்லாம் முடிந்தது போலத் தெரிகிறதா? முடியவில்லை. ஃப்ரீட்மேன் தொடர்ச்சியான சார்புகளைக் கொண்டு கோளத்தோடு ஒன்றென்றார். எங்கும் கூர்முனையில்லாமல் வழவழப்பாகச் செல்லும், வகையிடத்தக்க சார்புகளைக் கொண்டும் ஒன்றா என்பது இன்றும் திறந்த கேள்வி. ஏழு பரிமாணத்தில் இந்த இரண்டும் வேறு வேறு என்று மில்னர் 1956இலேயே காட்டிவிட்டார். சாதாரண வெளியை எடுத்துக்கொண்டால், நான்கைத் தவிர எந்தப் பரிமாணத்திலும் வகையிடும் அமைப்பு, அதாவது எது வழவழப்பு என்று தீர்மானிக்கும் முறை, ஒன்றே ஒன்று. நான்கில் மட்டும் எண்ணவே முடியாத அளவு.

ஏன் நான்கு? இந்த நிரூபணங்களில் வட்டத் தட்டுகளைத் தம்மைத்தாமே வெட்டாதபடி மேனிஃபோல்டுக்குள் வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு தட்டுக்குப் பரிமாணம் இரண்டு. இரண்டும் இரண்டும் ஐந்தைவிடக் குறைவு. ஆகவே ஐந்து பரிமாணத்தில் தட்டைச் சிறிது அசைத்தால் அது தன்னைத்தானே வெட்டாமல் விலகிக்கொள்ளும். நான்கில் இரண்டும் இரண்டும் சரியாக நான்கு. இடம் போதாது. வெட்டுப் புள்ளிகள் நின்றுவிடும். அவற்றை நீக்க முடிவில்லாத கோபுரங்களைக் கட்டி, அவற்றின் எல்லையில் தட்டு உண்டென்று ஃப்ரீட்மேன் காட்டினார்.

பெரியோர்களே, நான் வெகுநாளாகச் சொல்லிவருவது இதுதான். அந்த நிரூபணம் சரியென்பதில் ஐயமில்லை. 1986இல் அவருக்குக் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது. ஆனால் அதை முழுதாகக் கற்றவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் "நிபுணர்களுக்குத் தெரியும்" என்று கேள்விப்பட்டதை வைத்தே பயன்படுத்திவந்தார்கள். காதால் கேட்பதும் பொய் என்று சும்மாவா சொன்னார்கள்? 2013இல் பான் நகரத்து மாக்ஸ் பிளாங்க் கணித நிலையத்தின் சிறப்புப் பருவத்துக்காக ஃப்ரீட்மேனே தொடர் விரிவுரை தந்தார். அந்த விரிவுரைகளிலிருந்து இளையவர்கள் எழுதத் தொடங்கினார்கள். பெரென்ஸ், கால்மார், மின் ஹூன் கிம், பவல், அருணிமா ரே ஆகியோர் தொகுத்த முழு நூல் வெளிவந்தது 2021இல். ஒரு தேற்றம் விரும்பிய எவரும் படிக்கக்கூடியதாக ஆக ஏறத்தாழ நாற்பது ஆண்டு.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, மூன்று பரிமாண மேனிஃபோல்டுகளில் தட்டுகளைப் பற்றிய டேனின் துணைத்தேற்றம் சாட்சி. 1910இல் வெளியானது. 1929இல் க்னேசர் உட்கார்ந்து படித்து, ஒரு படி நிற்கவில்லை என்று காட்டினார். பாப்பாகிரியாகோபௌலோஸ் புதிய நிரூபணம் தந்தது 1957இல். பெரல்மானின் சுருக்கமான கட்டுரைகளையும் க்ளைனர், லாட், மார்கன், தியான் போன்றவர்கள் வருடக்கணக்கில் விரித்து எழுதியதால்தான் நாமெல்லாம் இன்று நிம்மதியாக மேற்கோள் காட்டுகிறோம்.

ஆனால் அப்படி எழுதுகிறவருக்கு நாம் என்ன தருகிறோம்? கடினமான நிரூபணம் ஒன்றை இடைவெளியில்லாமல் எழுதி முடித்த ஆய்வு மாணவர் ஒருவரிடம், பணித்தேர்வுக் குழுவில் "இதில் புதிது என்ன?" என்று கேட்டார்கள். நான் அந்த அறையில் இருந்தேன். அந்த மாணவர் தலையைக் குனிந்துகொண்டார். தலைகுனிய வேண்டியவர் அவர் அல்ல.

தலைவர் அவர்கள் நேரத்தை நினைவூட்டுகிறார்கள், மன்னிக்க வேண்டும். ஹில்பர்ட்–ஸ்மித் ஊகம் மூன்று பரிமாணத்தில் உண்மையென்று பார்டன் 2013இல் நிரூபித்தார். நான்கிலிருந்து மேலே இன்னும் திறந்தே இருக்கிறது. போரெல் ஊகத்தை ஆர்வமுள்ளவர்கள் தேநீர் இடைவேளையில் கேளுங்கள், விளக்கமாகச் சொல்கிறேன்.

துணைவேந்தர் அவர்களிடமும் முதல்வர் அவர்களிடமும் இந்த அவை முன்னிலையில் என் விண்ணப்பம் இது. முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஓர் இயல், மற்றொருவரின் பெரிய நிரூபணத்தை முழுமையாக விரித்தெழுதியதாக இருக்கலாம் என்று விதியில் சேருங்கள். பணி உயர்வில் அந்த எழுத்தை ஆய்வுக் கட்டுரைக்கு நிகராக மதிப்பிடுங்கள். மாணவர்கள் எழுதியவற்றை வாரம் ஒருமுறை கரும்பலகையில் வரிவரியாகச் சரிபார்க்கும் அமர்வு ஒன்றைத் துறையில் தொடங்குங்கள். தீர விசாரிக்கிறவர்களுக்கு அங்கே இடம் வேண்டும். அதன் முதல் அமர்வுக்கு, ஃப்ரீட்மேன் நூலின் முதல் இயலோடு, நானே வந்து நிற்கிறேன். நன்றி, வணக்கம்.