குப்பைக்கும் காற்று வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். விவசாயப் போதனாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பூமியைச் சூடாக்கும் வாயுக்களை நாங்கள் எப்படிக் குறைக்கலாம் என்று பேசக் கேட்டார்கள். கூட்டெருவைப் பற்றியும் லொறிகளைப் பற்றியும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் குப்பை. காலையில் எழும்பி வளவு கூட்டுகிறோம். மாஞ்சருகும் பலாச்சருகும் மூலைக்குப் போகும், நெருப்பு வைப்போம். குசினிக் கழிவைப் பையில் கட்டிப் படலையில் வைத்தால் உழவு இயந்திரம் வந்து ஏற்றிப் போகும். சரி, போய் என்ன ஆகிறது? ஒன்றின் மேல் ஒன்றாகக் கொட்டி அமத்துவதால் அடியில் காற்றே இல்லாமல் போகிறது. காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அந்தக் கழிவைத் தின்று மீதேன் வாயுவை விடும். நூறு ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ மீதேன் ஏறக்குறைய 28 கிலோ காபனீரொட்சைட்டு அளவுக்குச் சூட்டைப் பிடித்து வைக்கும். அதே கத்தரிக்காய்க் காம்பு, அதே மரவள்ளித் தோல், காற்றுப்பட உக்கினால் மீதேன் மிகக் குறைவு. எல்லாம் காற்றில்தான் இருக்கிறது. இதைத் திரும்பவும் சொல்வேன்.

2017 சித்திரை வருடப் பிறப்பன்று கொழும்பு மீதொட்டமுல்லவில் குப்பை மேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மேடாகக் குவிக்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். வெங்காயமும் மரவள்ளியும் செய்தவர். அவருடைய எருக் குவியலின் நடுவில் ஒரு இரும்புக் கம்பி குத்தியிருந்தது. "தம்பி, அதை இழுத்து நுனியைத் தொட்டுப் பாரும்" என்றார். தொட்டதும் கையை எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. "சூடு இருந்தால் அது வேலை செய்யுது. ஆறினால் நாங்கள் வேலை செய்யவேணும்" என்றார். புரட்டிப்போட வேண்டும் என்பதைத்தான் அப்படிச் சொன்னார். நன்றாக வேலை செய்யும் குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 பாகை வரை போகும். களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் அந்தச் சூட்டிலேயே செத்துவிடும்.

அவர் குவித்த விதத்தையும் சொல்லவேண்டும். அடியில் பூவரசந் தடிகளைக் குறுக்கும் மறுக்கும் பரப்பியிருந்தார், கீழாலும் காற்றுப் போவதற்கு. பார்த்தீர்களா, மறுபடியும் காற்று! அதன் மேல் ஒரு கடகம் பச்சைக் கழிவுக்கு இரண்டு மூன்று கடகம் சருகு, இடையிடையே கரைத்த மாட்டெரு. கூழ்முட்டை மணம் வந்தால் உள்ளே காற்றில்லை என்று அர்த்தம். சருகைக் கலந்து புரட்டினால் மணம் போய்விடும். மாரி மழையில் குவியல் ஊறிக் காற்று அடைபடும், அதனால் கிடுகு போட்டு மூடுங்கள். மூன்று நான்கு மாதத்தில் புது மண் வாசத்தோடு எரு கிடைக்கும். எரிக்கிற சருகு இனி உங்களுக்குப் பசளை, தயவுசெய்து நெருப்பு வைக்காதீர்கள்.

குழை தாழ்த்து, பனையோலை புதைத்து வளர்த்த செம்மண் எங்கள் யாழ்ப்பாணத்து மண். அப்புறம் யூரியா என்ற இரசாயனப் பசளை வந்தது. பயிர் எடுத்தது போக மிஞ்சியதில் ஒரு பங்கு நைத்திரேற்று என்ற உப்பாக எங்கள் கிணறுகளுக்குள் இறங்குகிறது. ஆறில்லாத ஊரில் சுண்ணக்கல்லுக்குள் இருக்கும் அந்தத் தண்ணீரைத்தானே குடிக்கிறோம்! இன்னும் கொஞ்சம் நைதரசு ஒட்சைட்டாகக் காற்றில் கலக்கிறது. அது காபனீரொட்சைட்டை விட ஏறக்குறைய 270 மடங்கு சூடாக்கும் வாயு. ஆனால் 2021இல் அரசாங்கம் செய்தது போல இரசாயனப் பசளையை ஒரேயடியாகத் தடைசெய்வது வழியல்ல. அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே தடையைத் தளர்த்த வேண்டி வந்ததே! தோட்டத்தில் எரு தயாரான பிறகு யூரியாவைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். லொறிக்கு வரவேயில்லையே! சுருக்கமாகச் சொல்கிறேன். குசினிக் கழிவில் பெரும்பகுதி தண்ணீர். வீட்டிலேயே உக்கவிட்டால் அந்தத் தண்ணீரைச் சுமக்க டீசல் எரிக்கத் தேவையில்லை. ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் காபனீரொட்சைட்டு வருகிறது. லொறி வைத்திருக்கும் தம்பிமாரே, ரயர்க் காற்றைக் கிழமைக்கு ஒருதரம் பாருங்கள். சந்தையில் சாமான் இறக்கும்வரை எஞ்சினை நிறுத்தி வையுங்கள். ஏ9 வீதியில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே டீசல் மிஞ்சும். தம்புள்ளைக்கு வெங்காயம் கொண்டுபோகும் லொறி வெறும் பெட்டியோடு திரும்பாமல் இருக்க, ஊர்ச் சங்கங்கள் முதல் நாளே பேசித் திரும்பும்போது ஏற்றிவரும் சுமையை ஒழுங்கு செய்யலாம். அதை எப்படிச் செய்வது என்று விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், இன்று முடியவில்லை. வணக்கம்.