எதிரே இன்னொரு கூண்டு இருக்கிறது

நடுவர் ஐயா அவர்களே, இரு அணித் தோழர்களே, முறிகண்டி, மாங்குளம், புதுக்குடியிருப்பு என்று பல பக்கத்தாலும் கிளிநொச்சிக்கு வந்து கூடியிருக்கும் பெரியோரே, பிள்ளைகளே, வணக்கம்.

குற்றப் புனைகதைகளில் துப்பறிவாளரின் மனவடுவை நீதிமன்றத்தில் அவருக்கு எதிராகப் பயன்படுத்துவது நியாயமா, அநியாயமா என்பது தலைப்பு. நியாயம் என்று பேச வந்திருக்கிறேன். வன்னியில் நின்று இந்தப் பக்கம் பேசுவது சுகமான வேலை இல்லை. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அக்கா, "புண்பட்ட மனிதரைக் கூண்டில் ஏற்றி அந்தப் புண்ணையே கிண்டலாமா?" என்று கேட்டபோது மண்டபமே கைதட்டியது. இங்கே யாருடைய வீட்டில் புண் இல்லை? 2009 இன் போரைக் கடந்து வந்தவர்கள்தானே நாங்கள்.

ஆனால் அக்கா சாட்சிக் கூண்டை மட்டுமே பார்த்தார். அதற்கு எதிரே இன்னொரு கூண்டு இருக்கிறது. அதில் நிற்கும் எதிரியை, குற்றம் சாட்டப்பட்டவனைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

நாவலில் துப்பறிவாளர் நமக்குப் பழகிய மனிதர். அவர் நித்திரை இல்லாமல் உழல்வதைப் பக்கம் பக்கமாகப் பார்த்திருக்கிறோம். அதனால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பியதுமே நமக்குக் கோபம் வருகிறது. எதிரிதான் குற்றவாளி என்று எழுத்தாளர் நமக்குச் சொல்லிவிட்டார். நீதிமன்றத்துக்கு யார் சொன்னது? அங்கே அவனுடைய ஆயுள் முழுவதும் துப்பறிவாளரின் வாயில் தொங்குகிறது.

ஒரு கதையை வைத்துப் பார்ப்போம். துப்பறிவாளர் முன்பு குண்டுவெடிப்பொன்றில் தப்பியவர். இரவில் ஒரு வீட்டுக்கு வெளியே காத்து நிற்கிறார். உள்ளே இரண்டு முறை சுட்ட சத்தம் கேட்டது என்று குறிப்பேட்டில் எழுதுகிறார். ஒரு முறை என்றால் இழுபறியில் தவறுதலாக வெடித்திருக்கலாம். இரண்டு என்றால் கொலை. சரி, திருவிழாவில் சீனவெடி கொளுத்தினாலே நெஞ்சு அடைத்துப்போய், எத்தனை வெடித்தது என்று பிறகு சொல்ல முடியாதவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. காதில் விழுந்ததோடு உள்ளே கிடந்ததும் கலந்துவிடுகிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980 இல் தன் மனநோய்க் கையேட்டில் மனவடுவால் வரும் இந்த நோய்க்கு இடம் கொடுத்தது. அதற்குப் பெயர் தெரியாமலே நாங்கள் அதோடு வாழ்ந்திருக்கிறோம். அப்படியிருக்க, "அன்று நீர் கேட்டது இரண்டுதானா?" என்று ஒரு சட்டத்தரணி கேட்காமல் விட்டால் அது கருணையா? யாருக்குக் கருணை?

வற்றாப்பளை அம்மனிடம் வைகாசிப் பொங்கலுக்குப் போகிறோமே, அந்தக் கண்ணகியின் கதையை நினைத்துப் பாருங்கள். கோவலன் ஏன் செத்தான்? அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே வந்து குற்றம் சொன்னான். அவனை யாரும் கேள்வி கேட்கவில்லை. நீ யார், உன் பின்னணி என்ன, இதில் உனக்கு என்ன ஆதாயம் என்று அரசன் கேட்டிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். அரசியின் ஊடலைத் தணிக்கும் அவசரத்தில் இருந்த அரசன், கொன்று சிலம்பைக் கொண்டுவரச் சொன்னான். பிறகு கண்ணகி அவைக்கு வருகிறாள். அவளைவிடப் புண்பட்ட சாட்சி உண்டா? அவளிடம் அரசன் கேட்டான், யார் நீ என்று. அவள் கண்ணீரோடு நின்று பதில் சொன்னாள். சிலம்பை உடைத்தாள், உள்ளிருந்து மாணிக்கம் தெறித்தது. கேள்வி கேட்டதால் அவளுடைய உண்மை தேய்ந்துபோகவில்லை. கோவலனுக்கு அந்தக் கேள்விகூடக் கிடைக்கவில்லை.

எங்கள் ஊருக்கு இது வெறும் கதைப்பேச்சு இல்லை. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை ஒருவருக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது என்றது 1895 ஆம் ஆண்டின் இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டம். 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்திருந்தால் செல்லும் என்றது. செல்லாது என்று காட்டும் சுமையையும் எதிரியின் தலையிலேயே வைத்தது. விசாரித்தவரின் சொல்லுக்கு அவ்வளவு கனம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை, பிள்ளைக்காக நீதிமன்றப் படி ஏறி இறங்கிய தாய்மாரிடம் கேளுங்கள். விசாரித்தவரைக் கேள்வி கேட்கும் உரிமையைக் கதையில்கூட நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எதிரணித் தம்பி ஒரு நல்ல கேள்வி கேட்டார். "இப்படி எழுதினால், மனவடு உள்ளவர்கள் எல்லாரும் நம்பத்தகாதவர்கள் என்று வாசகர் நினைக்க மாட்டாரா?" சில நாவல்களில் நினைக்கத்தான் வைக்கிறார்கள். "மனநல மருத்துவரிடம் போனீரா?" "போனேன்." உடனே சட்டத்தரணி வெற்றிச் சிரிப்போடு உட்கார்ந்துவிடுகிறார், வழக்கும் விழுந்துவிடுகிறது. அந்தக் காட்சியை நானும் வெறுக்கிறேன். அது சட்டமும் தெரியாமல் மனிதரையும் தெரியாமல் எழுதியது. ஒரு சாட்சியின் நம்பகத்தைத் தாக்கும் கேள்விக்கு நியாயமான அடிப்படை வேண்டும் என்று அதே கட்டளைச் சட்டத்தின் 149 ஆம் பிரிவு சொல்கிறது. 152 ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. அவமதிக்கவென்றே கேட்கும் கேள்வியை நீதிமன்றம் தடுக்க வேண்டும். கேள்வி சரியாக இருந்தாலும், கேட்கும் விதம் தேவையில்லாமல் புண்படுத்தினால் அதையும் தடுக்க வேண்டும். அப்புறம் மீள் விசாரணை இருக்கிறது. சாட்சியை அழைத்தவர் திரும்ப எழும்பி, "அந்த நோய் இருந்தும் அன்று நீர் எப்படி உறுதியாகச் சொன்னீர்?" என்று கேட்கலாம். துப்பறிவாளர் அதற்குச் சொல்லும் பதில்தான் நாவலின் உச்சமாக இருக்க வேண்டும். பல எழுத்தாளர்கள் அதை எழுதாமலே அத்தியாயத்தை முடித்துவிடுகிறார்கள்.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது தெரியுமா? ஆங்கில எழுத்தாளர் டொரதி சேயர்ஸ் 1923 இல் எழுதிய முதல் துப்பறியும் நாவலில், பீற்றர் விம்சி முதலாம் உலகப் போரில் மனம் நொறுங்கிப்போன துப்பறிவாளர். அங்கே கொலையாளி ஒரு நரம்பு நோய் நிபுணர். விம்சி அவரிடமே நோயாளியாகப் போய் உட்கார்கிறார். மருத்துவர் ஊசியை எடுக்கிறார்! விம்சியின் மனவடு அவருக்கு எதிராக ஆயுதமானது மருத்துவரின் அறைக்குள், ஒரு சாட்சியும் இல்லாத இடத்தில். நீதிமன்றத்தில் அப்படி இல்லை. நீதிபதி இருக்கிறார், பதிவு இருக்கிறது, மறுத்துப் பேச இடம் இருக்கிறது. மறைத்து வைத்த மனவடுவை மேலதிகாரி பிடித்து மிரட்டலாம், பத்திரிகைக்காரர் விற்கலாம். சபையில் தானே சொல்லிவிட்டவரை யார் மிரட்டுவது?

அடுத்து வரும் எதிரணி அண்ணனிடம் ஒன்று கேட்டு அமர்கிறேன். துப்பறிவாளரின் கண் கலங்குவதைப் பார்த்துச் சட்டத்தரணி வாய்மூடி உட்கார்ந்துவிட்டால், எதிர்க் கூண்டில் நிற்கும் அந்தப் பெடியனுக்காக யார் கேட்பது? அண்ணன் முதலில் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். நன்றி, வணக்கம்.