ரேகைச் சட்டம் கண்ட மண்ணிலிருந்து ஒரு கோரிக்கை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

முகப் படத்தைக் கணினியிலுள்ள படங்களோடு ஒப்பிட்டு ஆளை அடையாளம் காணும் முகமறியும் தொழில்நுட்பத்தைக் காவல்துறை பயன்படுத்துவதற்குச் சட்டமன்றம் எல்லை வகுக்க வேண்டும் என்று மதுரையில் நின்று பேசும்போது, உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரைக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. 1920 ஏப்ரல் 3ஆம் நாள் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை வைக்க மாட்டோம் என்று ஊரார் மறுத்து நின்றதுதான் காரணம். அதை நம் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்பார்கள். எந்தக் குற்றமும் செய்யாதவர் பெயரும் பிறப்பின் காரணமாகப் பதிவேட்டில் ஏறிய காலம் அது. ரேகை எடுக்க ஆளைப் பிடித்து உட்கார வைத்தாக வேண்டும் என்பதால், மறுப்பதற்கு அன்று ஒரு வாய்ப்பாவது இருந்தது. முகத்தைப் பதிவு செய்வதற்கு அந்த முகத்துக்குரியவர் அறிய வேண்டிய தேவைகூட இல்லை.

சென்ற ஆண்டு என் அக்காள் மகன் இரவு வேலை முடிந்து வண்டியில் வரும்போது, வாகனச் சோதனையில் நின்ற காவலர் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றச் சொல்லி, கைப்பேசியை முகத்துக்கு ஒரு முழத் தொலைவில் பிடித்துப் படம் எடுத்தார். திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார். மரியாதைக் குறைவாக ஒரு சொல்லும் பேசவில்லை. ஆனால், “மாமா, அந்தப் போட்டோ இப்ப எங்க இருக்கும்?” என்று அவன் கேட்டபோது, இருபது ஆண்டுகளாக வழக்காடி வரும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ரேகை, படம் போன்ற அடையாளங்களைக் காவல்துறை பதிவு செய்ய வழி தரும் 2022ஆம் ஆண்டின் அடையாளச் சட்டம் முக்கியமாகக் கைதானவர்களையும் தண்டனை பெற்றவர்களையும் பற்றியது. அவர்களுடைய பதிவுகளையே 75 ஆண்டுகள் வைத்திருக்க இடம் தருகிறது. 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, குற்றத் தடுப்புக்கும் புலனாய்வுக்கும் பெரும்பாலான கடமைகளிலிருந்து விலக்கு அளித்துவிட்டது.

இயந்திரம் ‘இவர்தான் அவர்’ என்று சொல்வதில்லை. இரண்டு படங்களின் ஒப்புமைக்கு மதிப்பெண் போடுகிறது. எத்தனை மதிப்பெண் போதும் என்பதை மனிதர்தான் வரையறுக்கிறார். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் காவல்துறையினர் 2020 ஜனவரியில் ஒரு திருட்டு வழக்கில் ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரை, மங்கலான கண்காணிப்புக் கேமராப் படம் ஒன்று அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படத்தோடு பொருந்தியதாகக் கணினி காட்டியதை நம்பி, மனைவி மக்கள் கண்ணெதிரே விலங்கிட்டு அழைத்துச் சென்று ஏறத்தாழ 30 மணி நேரம் அடைத்து வைத்தார்கள். திருடியவர் அவர் அல்லர்.

இத்தகைய தவறுகளைக் கண்டு அந்நாட்டில் சில மாநிலங்கள் சட்டம் இயற்றின. மெய்ன் மாநிலத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், குற்ற விசாரணை என்றால் கடுங்குற்றங்களுக்கு மட்டும், அதுவும் தக்க காரணம் இருந்தால் மட்டும், தேடலை அனுமதிக்கிறது. கணினி காட்டும் பொருத்தத்தை மட்டும் வைத்து எவரையும் கைது செய்ய முடியாது. மாசசூசெட்ஸில் பொதுவாக நீதிமன்ற ஆணை வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தில், ஒருவரைத் தொடர்ந்து கண்காணிக்க, அவசர நிலை தவிர்த்து, வாரண்ட் போன்ற நீதிமன்ற அனுமதி தேவை.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த குழந்தையைத் தேடித் தவிக்கும் தாய்க்கு இந்தக் கருவி உதவுமானால் உதவட்டும். அந்தப் பயனைச் சட்டமே வெளிப்படையாக எழுதி அனுமதிக்கலாம். தமிழ்நாடு காவல்துறை குறைந்தது 2021 முதல் இக்கருவியைப் பயன்படுத்துகிறது. தனியுரிமையில் அரசு கை வைக்க வேண்டுமானால் முதலில் ஒரு சட்டம் இருக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டுப் புட்டசாமி தீர்ப்பு வகுத்த நெறி. மாநிலங்கள் சட்டம் இயற்றக்கூடிய துறைகளைச் சொல்லும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் காவல்துறை இரண்டாவதாக இருக்கிறது. ஆகவே டெல்லியின் முகம் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

சாலையில் படம் எடுக்கப்படும் ஒவ்வொருவர் கையிலும், அது எதற்காக எடுக்கப்பட்டது, எந்த நாளில் அழிக்கப்படும் என்று எழுதிய சீட்டு ஒன்று தரப்பட வேண்டும் என்ற பிரிவும் நாம் கேட்கும் சட்டத்தில் இடம்பெற வேண்டும். இதை மனுவாக எழுதி, மதுரை மாவட்டத்தின் பத்துத் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்களிடமும் நேரில் கொடுக்க இருக்கிறோம். கையெழுத்துத் தாள் வாசலருகே மேசையில் இருக்கிறது.