ஒரு சுவரு கேட்டு வந்திருக்கேன்

மைக்கு கேக்குதாப்பா பின்னாடி? ஃபேன கொஞ்சம் கொறச்சு வைங்க, பேப்பர் பறக்குது. எல்லாருக்கும் வணக்கம்.

பெரியவங்கள மொதல்ல சொல்லிடுறேன், யாரையாச்சும் விட்டுட்டேன்னா நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள போன் வந்துரும். நம்ம வார்டு கவுன்சிலர் அம்மா, தண்ணி லாரி பஞ்சாயத்த முடிச்சிட்டு நேரா இங்க வந்திருக்காங்க, சேலைக் கரையில இன்னும் சேறு காயல, வணக்கம்மா. நம்ம கிளை நூலகத்து நூலகர் அம்மா, ஒரு வருசமா இந்த மாடி ஹால நமக்குத் தொறந்து விடுறவங்க, அதுக்கு மேலிடத்துல எத்தன பதில் எழுதிருக்காங்கன்னு எனக்குத் தெரியும், அவங்க சொல்லிக்க மாட்டாங்க. பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் அய்யா, ஆறு பிள்ளைங்கள நம்ம போட்டோ குழுவுக்கு அனுப்பி வச்சவரு. வடைக்கும் டீக்கும் பொறுப்பெடுத்துக்கிட்ட வியாபாரிகள் சங்கத் தலைவரு, அண்ணே, வடை வெளிய வந்துருச்சு, வாசனை இங்க வரைக்கும் வருது, அதனால சீக்கிரம் முடிச்சிர்றேன். அப்புறம் மொத வரிசையில குல்லா போட்டு உக்காந்திருக்காரே, எங்க வாத்தியாரு, எனக்கு நெகட்டிவ்ல பென்சில் பிடிச்சு டச்சிங், அதான் படத்துல உள்ள குறைய மறைக்கிற வேலை, பண்ணக் கத்துக்குடுத்த மனுசன். பேரச் சொன்னா கோச்சுக்குவாரு, சொல்லல.

பொன்னாடை போர்த்துனீங்க, சந்தோசம். இதப்பத்தி பின்னாடி பேசுறேன், எனக்கு ஒரு கணக்கு இருக்கு.

இன்னிக்கு ஆகஸ்ட் 19. 1839ல இதே தேதியிலதான் பாரீஸ்ல டாகேர் கண்டுபிடிச்ச போட்டோ எடுக்குற முறைய ஊரறியச் சொன்னாங்க, அதனாலதான் இது உலக புகைப்பட தினம். நமக்கு அத விடப் பெரிய விசேசம், நம்ம வாரப் படத்துக்கு இது 52ஆவது வாரம். ஒரு வருசம் ஓடிருச்சு. ஆரம்பிக்கும்போது 30 பேரு, மூணாவது மாசம் 9 பேரு, இப்ப 22 பேரு. நடுவுல ஓடிப்போனவங்க சில பேரு இன்னிக்கு வடைக்கு வந்திருக்கீங்க, நானும் பாத்தேன், நல்லது, உக்காருங்க.

புதுசா வந்தவங்களுக்கு விதிமுறைய சொல்லிடுறேன். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு தலைப்பு. அடுத்த சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்குள்ள ஒரே ஒரு படம். அந்த வாரத்துக்குள்ள எடுத்ததா இருக்கணும், பழைய ஊட்டி டூர் படமெல்லாம் செல்லாது. ஞாயிறு இங்க கூடி ஒவ்வொருத்தரும் குறைஞ்சது மூணு பேரு படத்தப் பத்திப் பேசணும், நல்லது ஒண்ணு, மாத்த வேண்டியது ஒண்ணு. 'சூப்பர்', 'அருமை', 'வேற லெவல்' இந்த மூணுக்கும் தடை, சொன்னா டீ காசு அவங்க கணக்கு. படம் எடுத்தவரு எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் இருக்கறதுலயே கஷ்டம். ரெண்டு பேரு குழுவ விட்டுப் போனதே இதனாலதான்.

நான் மூணு விசயம் பேசணும்னு எழுதிட்டு வந்திருக்கேன். ஒண்ணு, தலைப்பு எதுக்கு. ரெண்டு, அடுத்தவன் கருத்து எதுக்கு. மூணு, எடிட்டிங் பண்ணலாமா கூடாதா.

தலைப்பு எதுக்குன்னா, கைக்கு ஒரு கட்டு வேணும்ல. கேமராவ எடுத்துக்கிட்டு சும்மா போனா நாம எப்பவும் எடுக்கறதத்தான் எடுப்போம், கோபுரம், சூரியன், பேரப்பிள்ளை. 'கதவு'ன்னு ஒரு வாரம் குடுத்தோம், முக்கால்வாசிப் பேரு பழைய வீட்டு மரக்கதவ எடுத்துட்டு வந்தாங்க, குமிழு, பித்தளை வளையம், எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஷேர் ஆட்டோ ஓட்டுற நம்ம தம்பி ஒருத்தரு கதவே இல்லாத ஒரு வீட்ட எடுத்துட்டு வந்தாரு, வாசல்ல ஒரு பழைய சேலை தொங்குது, அம்புட்டுதான். ஹால்ல ஒருத்தரும் பேசல. மே மாசத்துல 'ஈரம்'னு குடுத்துட்டாங்க, வைகைய எட்டிப் பாத்தா மாடு மேயுது, எங்கிட்டுப் போக? ஒருத்தரு ஜிகர்தண்டா கிளாசுக்கு வெளிய நிக்கிற முத்து முத்தான தண்ணிய எடுத்தாரு, ஒரு பொண்ணு மூட்டை தூக்குறவரு முதுகுல சட்டை ஒட்டிக் கெடக்கறத எடுத்துச்சு. தலைப்பு இல்லேன்னா இதெல்லாம் கண்ணுல பட்டிருக்குமா? சரி, இது போதும், ரெண்டாவதுக்கு வர்றேன், அதுக்குத்தான் நான் வந்ததே.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இந்தப் பழமொழிய நான் வாரா வாரம் சொல்றேன்னு கேலி பண்றீங்க, பரவால்ல, இன்னிக்கும் நாலு தடவ சொல்லுவேன். நாம எடுத்த படத்துல நமக்குத் தெரியறது வேற, படத்துல இருக்கறது வேற. அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் போனது, நாய் தொரத்துனது, பஸ்ஸ விட்டது, இந்தக் கஷ்டமெல்லாம் நமக்கு அந்தப் படத்துல தெரியும். பாக்குறவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியறது ஒரு கோணலான லைட் கம்பம். அதச் சொல்ல ஒரு ஆளு வேணும். 'இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன்', அதான் இடிச்சுச் சொல்ல ஆளில்லாத ராஜா தானாக் கெட்டுப்போவான்னு வள்ளுவர் ராஜாவுக்குச் சொன்னது, ராஜாவுக்கே அப்படின்னா ஃபோன் கேமரா வச்சிருக்க நமக்கு?

இது நாம கண்டுபிடிச்ச வேலையுமில்ல. அந்தக் காலத்துல பிரிட்டன்ல தபால் வழி கிளப்புன்னு வச்சிருந்தாங்க, ஒரு பெட்டிக்குள்ள எல்லாரு பிரிண்டும் இருக்கும், பெட்டி தபால்ல ஊரு ஊரா போவும், வாங்குறவரு ஒவ்வொரு படத்துக்கும் தன் கருத்த எழுதி அடுத்தவருக்கு அனுப்பணும். சுத்தி முடிச்சு தன் கைக்குத் திரும்பி வரும்போது படத்தோட சேத்து அத்தன பேரு திட்டும் வந்து சேரும். நம்ம மெட்ராஸ்லயும் 1850கள்லயே போட்டோகிராபிக் சொசைட்டி வந்துருச்சு. நாம ஒண்ணும் கொறச்ச ஆளுங்க இல்ல.

இப்ப என் கதைக்கு வர்றேன். வாத்தியாரே, நீங்க காதப் பொத்திக்கங்க.

37ஆவது வாரம், தலைப்பு 'வெள்ளை'. நான் 40 வருசம் ஸ்டூடியோ வச்சிருந்தவன், ரோல் போட்டு, டார்க் ரூம்ல படம் கழுவுற ஹைப்போ மருந்து வாடையில பாதி ஆயுச ஓட்டுனவன், இந்த ஊர்ல எத்தனையோ கல்யாணத்துல மாப்பிள்ள வேட்டிய வெள்ளையா எடுத்தவன். வெள்ளைன்னா எனக்கென்ன பாடம்? மதுரையில வெள்ளைன்னா மல்லிதான, 2013ல புவிசார் குறியீடே வாங்குன மல்லி. விடியக்காலம் நாலரைக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குப் போயிட்டேன். கூட கூடயா கொட்டி வச்சிருக்கான், மேல எல்.ஈ.டி. லைட்டு, கீழ ஈரச் சாக்கு. வாசல்ல ஒரு அம்மா உக்காந்து பூ கட்டிக்கிட்டு இருக்கு, மடியில மலை மாதிரி மொட்டு. கேட்டேன், 'எடுத்துக்கங்கய்யா, என் மொகத்த மட்டும் எடுக்காதீங்க, தல சீவல'ன்னுச்சு. சரித்தான்னு குனிஞ்சு பூவ மட்டும் ஃபிரேம் நெறைய வச்சு எடுத்தேன்.

வெள்ளைய எடுத்தா கேமராவுல வெளிச்சம் அளக்குற மீட்டர் ஏமாறும், அது எல்லாத்தையும் நடுச் சாம்பலா ஆக்கப் பாக்கும், அதனால வெளிச்சத்தக் கொஞ்சம் கூட்டி வைக்கணும், இது எனக்குத் தெரியும், உங்களுக்கெல்லாம் சொல்லிக்குடுத்ததே நான்தான். கூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். கண்ணாடிய வீட்டுல வச்சிட்டுப் போயிட்டேன், ஸ்கிரீன்ல பளிச்சுன்னு தெரிஞ்சுச்சு. என் மனசுல அந்த வாரம் நான்தான் முதல்னு முடிவே பண்ணிட்டேன்.

ஞாயித்துக்கிழமை, இதே ஹாலு. திரையில என் படம் வந்துச்சு. மொத நாலு பேரு மரியாதைக்கு ஏதோ சொன்னாங்க. அப்ப ஒம்பதாவது படிக்கிற ஒரு பிள்ள எந்திரிச்சா, ஹெட்மாஸ்டர் அய்யா அனுப்புன பிள்ளதான், 'தாத்தா, கோச்சுக்காதீங்க, இது எனக்கு பூவாத் தெரியல, இட்லியாத் தெரியுது'ன்னா.

ஹாலே சிரிச்சுச்சு. வாத்தியாரு குல்லாவக் கழட்டி வச்சிட்டுச் சிரிச்சாரு. நான் பேசக் கூடாதுல்ல, விதிமுறை, எழுதுனவனே நான்தான், வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். அவ விடல, 'இதழே இல்ல தாத்தா, நடுவுல எல்லாம் ஒரே வெள்ளையாப் போச்சு'ன்னு திரைகிட்ட வந்து விரல வச்சுக் காட்டுறா. வீட்டுக்குப் போயி நாலு நாளு யாருகிட்டயும் பேசல. நேத்து ஃபோன் பிடிச்ச பிள்ள நம்மளுக்குச் சொல்லுதான்னு ஒரு எரிச்சல். என் வீட்டம்மா கேட்டுச்சு, 'என்னாச்சு, இட்லி வைக்கவா?'ன்னு. அதுக்கு யாரு சொன்னாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு, அதுலயும் கெழட்டுக் காக்காய்க்கு ரொம்பப் பொன்னு.

அஞ்சாம் நாளு கண்ணாடியப் போட்டுக்கிட்டு பெரிசு பண்ணிப் பாத்தேன். பிள்ள சொன்னது சரி. நெகட்டிவ் பிலிம்ல கொஞ்சம் வெளிச்சம் கூடிப் போனாலும் பிரிண்ட் போடுறப்ப இழுத்துப் பிடிச்சிரலாம், அந்தப் பழக்கம் என் கைய விட்டுப் போகல. டிஜிட்டல்ல வெள்ளை போச்சுன்னா போச்சு, அங்க ஒண்ணுமே பதிவாகியிருக்காது, எங்கிருந்து இழுக்க? மறுபடி மார்க்கெட்டுக்குப் போனேன், இந்தத் தடவ அளவா வச்சு எடுத்தேன், ஒவ்வொரு மொட்டுலயும் காம்புப் பக்கத்துப் பச்சை வரைக்கும் விழுந்துச்சு. அந்த அம்மாகிட்ட ஃபோன நீட்டிக் காமிச்சேன். 'நல்லாருக்குய்யா, நகருங்க, முழம் கேட்டு ஆள் நிக்கிது'ன்னுச்சு. பாக்கவே இல்ல.

அடுத்த வாரம் அத 8க்கு 12 பிரிண்ட் போட்டுக் கொண்டு போய்க் குடுத்தேன். கைய முந்தானையில தொடச்சிட்டு வாங்குச்சு. பக்கத்துக் கூடைக்காரரு எட்டிப் பாக்குறாரு, மூட்டை தூக்குறவரு நிக்கிறாரு, டீக்காரப் பையன் வந்துட்டான், ஏழெட்டுப் பேரு கூடிட்டாங்க, எல்லாரும் என்னமோ சொல்றாங்க. அந்த அம்மா மட்டும் ரொம்ப நேரம் பாத்துட்டு என்னையப் பாத்துச்சு. 'ஏய்யா, பூவ எடுத்திருக்கீங்க, கட்டுற கைய விட்டுட்டீங்களே, மொகத்தத்தான எடுக்க வேணாம்னேன்?'

52 வாரத்துல இந்த ஹால்ல நாம பேசுன பேச்சுல ஒண்ணு கூட இதுக்கு ஈடு கெடையாது. இட்லின்னு சொன்ன பிள்ள என் வெளிச்சத்தத் திருத்துச்சு, அந்த அம்மா நான் எதப் பாக்கணும்னு சொல்லிருச்சு. ஆனா ஃபோன்ல காமிச்சப்ப சொல்லல, பாத்தீங்களா? பிரிண்ட கையில குடுத்த பெறகுதான் சொன்னுச்சு. ஃபோன் நம்ம பொருளு, நாம நீட்டுவோம், நாமளே பிடுங்கிக்குவோம். பிரிண்டு அவங்க கைக்குப் போயிருது, அவங்க நேரத்துக்குப் பாப்பாங்க.

அதனாலதான் கேக்குறேன், கவுன்சிலர் அம்மா, நூலகர் அம்மா, ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்திருக்கீங்க, இந்த மாதிரி சந்தர்ப்பம் எனக்கு இனி வராது. கீழ நூலக வாசல்ல, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் ஒரு சுவரு இருக்கு, 14 அடி, நான் அளந்துட்டேன். இப்ப அதுல கண்ணீர் அஞ்சலி ஒட்டுறாங்க, டியூஷன் நோட்டீசு ஒட்டுறாங்க. அந்தச் சுவர எங்களுக்குக் குடுங்க. வாரா வாரம் 22 படம், பிரிண்ட் போட்டு, கயிறு கட்டி கிளிப்புல தொங்க விடுறோம். பக்கத்துல ஒரு நோட்டு, நூலுல கட்டுன பேனா. பேப்பர் படிக்க வர்ற பெரியவரு, பஸ்ஸுக்கு நிக்கிற அக்கா, யாரு வேணா எழுதட்டும். நமக்குள்ளயே பேசிக்கிட்டு இருந்தா ஒரு வருசத்துல எல்லாருக்கும் ஒரே கண்ணு வந்துருது, எனக்கு அந்த பயம் இருக்கு. இப்பவே பாருங்க, எல்லாரு படத்துலயும் ஆளு ஃபிரேம மூணாப் பிரிக்கிற கோட்டுலயே நிக்கிறான், நடுவுல நின்னா குத்தம் மாதிரி. நம்ம குழுவுக்கே இப்ப காக்கா புத்தி வந்துட்டிருக்கு, நம்ம குஞ்சுங்க எல்லாம் பொன்னு.

செலவு என்னன்னு கேப்பீங்க. நான் பிரிண்ட் போடுற எடத்துல 4க்கு 6 ஒண்ணு 15 ரூபா, 22 படத்துக்கு 330 ரூபா. இப்ப எனக்குப் போத்துன பொன்னாடை 200 ரூபாயாவது இருக்கும், மேடையில ஆறு பேரு, 1200 ரூபா, கிட்டத்தட்ட நாலு வாரத்துப் பிரிண்டு. நான் யாரையும் குத்தம் சொல்லல, கணக்குச் சொல்றேன். தலைவரு அண்ணன் அங்க விரல விட்டு எண்றாரு, நல்ல சகுனம்.

மழை வந்தா என்னன்னு நேத்து ஒரு தம்பி கேட்டாப்ல. மேல ஒரு தகரம் போதும். திருட்டுப் போனா? போகட்டும்யா, உன் படத்த ஒருத்தன் திருடிட்டுப் போனான்னா அத விடப் பெரிய விமர்சனம் என்ன இருக்கு?

மூணாவது விசயம் எடிட்டிங். நேரமில்ல, வடை ஆறிரும். ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், 1858ல டிரைப்புன்னு ஒரு கேப்டன் நம்ம மதுரைக்கு வந்து புதுமண்டபம், மகால், வைகை எல்லாம் எடுத்தாரு, மெழுகு பூசின பேப்பர் நெகட்டிவ்ல. அந்த நெகட்டிவ் மேல அவரே கையால மேகம் போட்டு விட்டிருக்காரு. எடிட்டிங் கூடாதுன்னு சண்டை போடுறவங்க அவருகிட்ட போயி கேளுங்க, மிச்சத்த அடுத்த கூட்டத்துல பேசுவோம்.

அந்த ஒம்பதாம் வகுப்புப் பிள்ள, இப்ப பத்தாவது, எங்கம்மா இருக்க? எந்திரி. அடுத்த வாரத் தலைப்ப நீயே சொல்லு. என்ன? சத்தமாச் சொல்லும்மா. 'கை'யா?

சரி, கேட்டுக்கிட்டீங்களா, 53ஆவது வாரம், தலைப்பு 'கை'. சனிக்கிழமை ராத்திரி 9 மணி, 9:05க்கு அனுப்பிட்டு சிக்னல் இல்லேன்னு சொல்லக் கூடாது. கவுன்சிலர் அம்மா, கீழ எறங்கறப்ப அப்படியே அந்தச் சுவர ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க, டேப்பு என் பையில இருக்கு, கூட வர்றேன். தம்பி, மைக்க வாங்கிக்கப்பா.