கூடாரத்துல படுக்கிறது யாரு, முடிவெடுக்கிறது யாரு

எல்லாருக்கும் வணக்கம். மேடையில இருக்கிற மூத்த சாரண ஆசிரியர்களுக்கும், எதிர்ல உக்காந்திருக்கிற ரோவர், ரேஞ்சர் பிள்ளைங்களுக்கும், விடியக்காலம் பஸ் புடிச்சு வந்து இன்னும் கண்ணு எரிச்சலோட உக்காந்திருக்கிற பேட்ரல் லீடருங்களுக்கும், அதான் ஒவ்வொரு சின்ன அணிக்கும் தலைவரா இருக்கிற பிள்ளைங்களுக்கும் சேர்த்து.

எனக்குக் குடுத்த தலைப்பு தலைமைப் பண்பு. அதைப் பத்தி பொதுவா பேச எனக்கு மனசு வரல, ஏன்னா நம்ம சாரணர் இயக்கமே உலக அளவுல தலைமை விஷயத்துல பலமா அடி வாங்கியிருக்கு, அதை நாம நம்ம வீட்டுக்குள்ளயாவது உக்காந்து பேசணும், பேசாம கழுத்துல ஸ்கார்ஃபைக் கட்டிக்கிட்டு வாக்குறுதி மட்டும் சொல்லிட்டு இருந்தா இந்தப் பிள்ளைங்களுக்கு நாம நேர்மையா இல்லைன்னு அர்த்தம்.

2023 ஆகஸ்ட்ல தென் கொரியாவுல நடந்த உலக ஜம்போரி, அதாவது எல்லா நாட்டுச் சாரணப் பிள்ளைங்களும் கூடுற பெரிய முகாம், உங்கள்ல நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். சேமாங்கும்னு ஒரு இடம், புவான் மாவட்டம், மேற்குக் கடற்கரை. 150 நாட்டுக்கு மேல இருந்து சுமார் 43,000 பேர், பெரும்பாலும் 14 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்க. ஆகஸ்ட் 1 ஆரம்பிச்சு 12 முடியணும். ஆனா தொடக்க விழா அன்னிக்கே வெயில் தாங்காம நூறு பேருக்கு மேல சிகிச்சைக்குப் போனாங்க, ரெண்டு மூணு நாள்ல உலகம் பூரா டிவியில அதுதான் ஓடுச்சு.

அந்த இடம் என்ன இடம்னு சொல்றேன், ஏன்னா கதையே அங்கதான் இருக்கு. அது கடல். நிஜமாவே கடல், அலை ஏறி இறங்குற சேத்து நிலம். 1991ல வேலை ஆரம்பிச்சு 33 கிலோமீட்டருக்கு மேல ஒரு கடல் சுவர் கட்டி, அது 2010ல முடிஞ்சு, அதுக்குள்ள கொஞ்சம் கொஞ்சமா மண்ணை நிரப்பி எடுத்த நிலம். முகாமுக்கான பகுதியை நிரப்பினது விவசாய நிலத்துக்கான நிதியில, அதனால வயல் மாதிரி சமதளமா இருந்துச்சு, தண்ணி ஓடி வடியறதுக்கு சரிவு கிடையாது. நிழலுக்கு மரம் கிடையாது. ஜூலையில பேஞ்ச மழைத் தண்ணி அப்படியே நின்னுச்சு, அதுல கொசு பெருகுச்சு, கூடாரம் நனையக் கூடாதுன்னு சரக்கு அடுக்குற பிளாஸ்டிக் பலகையைக் குடுத்து அது மேல கூடாரம் போடச் சொன்னாங்க. பதினஞ்சு வயசுப் பொண்ணு ஒண்ணு, மொழி தெரியாத ஊர்ல, முப்பத்தஞ்சு டிகிரி வெயில்ல, கால் பூரா பூச்சிக்கடி தடிப்போட, ஓட்டை ஓட்டையா இருக்கிற பிளாஸ்டிக் பலகை மேல படுத்து ராத்திரியைக் கழிக்கிறதைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. இங்கிலாந்துப் பிள்ளைங்க ஆளுக்குச் சுமார் 3,500 பவுண்ட் சேத்துக்கிட்டு வந்தவங்க, கேக் வித்து, கார் கழுவி, ஊர் ஊரா நிதி திரட்டி, ஒரு வருஷத்துக்கு மேல உழைச்சு வந்தவங்க.

இங்க ஒரு விஷயம் சொல்லியாகணும். வெயிலும் புயலும் இயற்கை, அதுக்கு யாரைக் குத்தம் சொல்றதுன்னு சில பேர் என்கிட்டயே கேட்டிருக்காங்க. கொரியாவுல ஆகஸ்ட் மாசம் சூடா இருக்கும்ங்கிறது யாருக்கும் தெரியாத ரகசியமா? 2022 அக்டோபர்ல, அதாவது பத்து மாசம் முன்னாடி, அந்தத் தொகுதி எம்.பி. நாடாளுமன்றத்துல எழுந்திரிச்சு வெயில், வடிகால், பூச்சி, எல்லாத்தையும் சொல்லி அமைச்சர்கிட்ட கேட்டாரு. ஏற்பாடெல்லாம் பண்ணியாச்சுன்னு பதில் வந்துச்சு. அதுக்கும் முன்னாடி 2022 ஆகஸ்ட்ல ஒரு முன்னோட்ட ஜம்போரி நடத்தியிருக்கணும், அதை ரெண்டு வாரம் இருக்கும்போது ரத்து பண்ணாங்க, கோவிட்னு காரணம் சொன்னாங்க, ஆனா அப்ப அந்த எடமே தயாராகல. அந்த முன்னோட்டம் மட்டும் நடந்திருந்தா பாதி பிரச்சனை ஒரு வருஷம் முன்னாடியே கண்ணுல பட்டிருக்கும், அதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறாத வருத்தம்.

சரி, தலைவர் யாரு அங்க? முதல்ல ரெண்டு இணைத் தலைவர்கள், ஒருத்தர் பாலின சமத்துவ, குடும்பத் துறை அமைச்சர், இன்னொருத்தர் எம்.பி. 2023 பிப்ரவரியில, ஜம்போரிக்கு அஞ்சு மாசம் இருக்கும்போது, இன்னும் மூணு பேரைச் சேர்த்து அஞ்சு இணைத் தலைவர்கள் ஆக்கினாங்க. உள்துறை அமைச்சர், கலாச்சார அமைச்சர், அப்புறம் கொரியா சாரணர் சங்கத் தலைவர். கவனிங்க, சாரணர் முகாமுக்கு சாரணர் சங்கத் தலைவர் வந்து சேர்றது கடைசிக் கட்டத்துல. அஞ்சு பேர் தலைவர்னா கேள்வி வரும்போது ஒவ்வொருத்தரும் அடுத்தவரைப் பாப்பாங்க, நம்ம ஊர் கோயில் திருவிழா கமிட்டியில இதைப் பாக்காதவங்க யாரு இருக்கோம், அங்க கடைசியில பந்தல் போடுறவரு வந்து யார்கிட்ட அட்வான்ஸ் வாங்குறதுன்னு தெரியாம நிப்பாரு. பின்னால, 2025 ஏப்ரல்ல, கொரியாவோட தணிக்கை வாரியம் அறிக்கை குடுத்துச்சு. அமைப்புக் குழுவுல இருந்த 159 பேர்ல சர்வதேச நிகழ்ச்சி நடத்தின அனுபவம் உள்ளவங்க 10 பேர்தானாம். வசதிகள் முடியலன்னு தெரிஞ்சும் முடிஞ்சதா அமைச்சரவையில சொன்னாங்கன்னும் அதுல இருக்கு. செலவோ சுமார் 11,700 கோடி வோன், நம்ம காசுக்கு 700 கோடி ரூபாய்க்கு மேல.

ஏன் அந்த எடத்தை எடுத்தாங்கன்னு கேட்டா, அந்த மாகாணத்துக்கு ரோடு வேணும், விமான நிலையம் வேணும், அதுக்கு ஒரு பெரிய உலக நிகழ்ச்சி காரணமா காட்ட வேணும், இப்படி ஒரு விமர்சனம் கொரியாவுலயே பலமா வந்துச்சு. ஊர் முன்னேறணும்னு ஆசைப்படுறதை நான் தப்பு சொல்ல மாட்டேன். பிள்ளைங்க படுக்கிற எடத்தை அதுக்குப் பகடைக்காய் ஆக்கினதுதான் தப்பு.

ஆனா நான் கொரியாவை மட்டும் குத்தம் சொல்ல வரல. அந்த எடத்துக்கு ஓட்டுப் போட்டது யாரு? நம்ம உலக மாநாடு, எல்லா நாட்டுச் சாரணர் சங்கமும் கூடுற எடம். 2017 ஆகஸ்ட், அஜர்பைஜான் நாட்டு பாகு நகரம், சேமாங்குமுக்கு 607 ஓட்டு, போலந்தோட க்டான்ஸ்குக்கு 365. ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் ஆறு ஓட்டு, இந்தோனேசியா மாதிரி கோடிக்கணக்குல உறுப்பினர் வச்சிருக்கிற நாடா இருந்தாலும் ஆறு, சின்னத் தீவு நாடா இருந்தாலும் ஆறு. ரொம்ப அழகான ஏற்பாடு, எனக்கு அதுல பெருமை உண்டு. ஆனா ஓட்டுப் போட்ட கையோட வேலை முடிஞ்சதுன்னு ஆயிடுச்சு. நடத்துற பொறுப்பு பூரா ஏத்து நடத்துற நாட்டுக்கிட்ட, அந்த நாட்டுல அது சாரணர் சங்கத்துக் கையில இருந்து அரசாங்கத்துக் கைக்குப் போயிடுச்சு, உலக சாரணர் அமைப்புக்கிட்ட பேரும் கொடியும்தான் மிச்சம். ஆகஸ்ட் 4ந் தேதி நிலைமை கை மீறின உடனே, சீக்கிரமா முடிச்சுடறதைப் பத்தி யோசிங்கன்னு உலக அமைப்பு கேட்டுச்சு. கேக்கத்தான் முடிஞ்சுது. தொடர்ந்து நடத்துறோம்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. கடைசியில இங்கிலாந்துக்காரங்க தங்களோட 4,500 பேரைக் கூட்டிக்கிட்டு சியோல் ஹோட்டல்களுக்குப் போனாங்க, அதுக்கு 10 லட்சம் பவுண்டுக்கு மேல சங்கத்துச் சேமிப்புல இருந்து போச்சு. அமெரிக்கப் பிள்ளைங்க கொரியாவுலயே இருக்கிற தங்களோட நாட்டு ராணுவத் தளத்துக்குப் போனாங்க, சிங்கப்பூரும் வெளியேறிடுச்சு. கனூன் புயல் வருதுன்னு 8ந் தேதி ஆயிரத்துக்கும் மேல பஸ் வச்சு மிச்ச எல்லாரையும் காலி பண்ணாங்க.

அதாவது வசதி உள்ள நாட்டுப் பிள்ளைங்களுக்கு ஹோட்டலுக்குப் போக வழி இருந்துச்சு, மத்தவங்க அரசாங்கம் பஸ் அனுப்புற வரைக்கும் அங்கயே கிடந்தாங்க. ஒரே ஸ்கார்ஃப், ஒரே வாக்குறுதி, இடது கை குலுக்கிக்கிற சகோதரத்துவம்னு நாம சொல்றோம். அன்னிக்கு அது ரெண்டா பிரிஞ்சு நின்னதை நான் மறக்க மாட்டேன்.

இந்தக் காசு விஷயம் புதுசு இல்ல. 2007, இயக்கத்தோட நூற்றாண்டு. இங்கிலாந்துல செம்ஸ்ஃபோர்டு பக்கம் ஹைலாண்ட்ஸ் பார்க்ல பிரமாண்டமா ஜம்போரி நடந்துச்சு, சந்தோஷமா எல்லாரும் வீட்டுக்குப் போனாங்க. அதே வருஷ முடிவுலதான் உலக அமைப்போட பொதுச் செயலாளர் எட்வார்டோ மிசோனி, இத்தாலி நாட்டு டாக்டர், 2004ல இருந்து பதவியில இருந்தவர், வெளியேற்றப்பட்டாரு. எப்படின்னா, அமெரிக்க சாரணர் சங்கம் கட்ட வேண்டிய சந்தாவை நிறுத்தி வச்சுது, அவரை மாத்துனாத்தான் குடுப்போம்னு. உலக அமைப்போட வருமானத்துல அவங்க பங்கு ரொம்பப் பெருசு, அது நின்னா ஜெனீவாவுல இருந்த தலைமை ஆபீஸே ஆட்டம் காணும். நவம்பரோட அவர் போக வேண்டியதாச்சு.

மிசோனி நல்லா நிர்வாகம் பண்ணாரா இல்லையான்னு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன், ரெண்டு பக்கமும் நியாயம் பேசினவங்க இருக்காங்க. காசு குடுக்கிறவங்க கணக்கு கேக்கலாம், கேக்கணும். ஆனா எங்க கேக்கணும்? மூணு வருஷத்துக்கு ஒரு தடவை கூடுற மாநாட்டுல, எல்லாரையும் மாதிரி ஆறு ஓட்டோட எழுந்து நின்னு கேக்கணும். அடுத்த மாநாடு 2008 ஜூலையில, எட்டே மாசத்துல, அதுவும் கொரியாவோட ஜேஜு தீவுல வர இருந்துச்சு. அதுவரைக்கும் கூட பொறுக்காம குழாயை அடைச்சா, அப்புறம் அந்த ஆறு ஓட்டுக்கு என்ன மதிப்பு, சின்ன நாட்டுக்காரன் எந்த நம்பிக்கையில மாநாட்டுக்கு வருவான்?

இப்ப நான் என் கதையைச் சொல்றேன், ஏன்னா தப்பு பண்ணவங்க எங்கயோ தூரத்துல மட்டும் இருக்காங்கன்னு நீங்க நினைச்சுடக் கூடாது. பல வருஷம் முன்னாடி என் ட்ரூப்பை, அதான் என் சாரணர் படையைக் கூட்டிக்கிட்டு ஒரு ஏரிக்கரையில மூணு நாள் முகாம் போட்டேன். கீழ நல்லா சமமா, பச்சையா ஒரு எடம், அங்க கூடாரம் அடிக்கச் சொன்னேன். ஒரு பேட்ரல் லீடர், ஒன்பதாங்கிளாஸ், விவசாயி வீட்டுப் பையன், பக்கத்துல வந்து மெதுவா, "சார், அங்க கோரை முளைச்சிருக்கு, தண்ணி நிக்கிற எடம் சார்"னான். எனக்கு நேரமாச்சு, வெளிச்சம் போகுது, எல்லாரும் மேட்டுக்கு ஏறி கல்லு பொறுக்கி சுத்தம் பண்ணணும்னா ராத்திரி ஆயிடும். "ஒண்ணும் ஆகாதுப்பா, அடிங்க"ன்னுட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு மழை. இருபத்தெட்டு பிள்ளைங்க, கணுக்கால் தண்ணியில, பெட்ஷீட்டை தலைக்கு மேல தூக்கிக்கிட்டு பக்கத்து ஊர் ஸ்கூல் வராந்தாவுக்கு நடந்தோம். அந்தப் பையன் ஒரு வார்த்தை, சொன்னேனே சார்னு ஒரு வார்த்தை, சொல்லல. வராந்தாவுல சின்னப் பசங்களோட பெட்ஷீட்டை ஒவ்வொண்ணா வாங்கிப் பிழிஞ்சுட்டு இருந்தான். நான் அவன்கிட்ட எல்லாரும் இருக்கும்போது மன்னிப்பு கேட்டேன். அதுக்கப்புறம் எந்த முகாமா இருந்தாலும் எடத்தை கோர்ட் ஆஃப் ஹானர்ல, அதாவது பேட்ரல் லீடருங்க கூடிப் பேசுற கூட்டத்துல, அவங்க முடிவு பண்ணாத்தான் ஆணி அடிப்பேன்.

இது நான் கண்டுபிடிச்சது இல்ல. 1907 ஆகஸ்ட்ல இங்கிலாந்துல பிரவுன்சீ தீவுல நம்ம இயக்கத்தை ஆரம்பிச்ச பேடன் பவல் சுமார் இருபது பசங்களை வச்சு முதல் முகாம் போட்டப்பவே ஓநாய், காளை, காக்கைன்னு அணி பிரிச்சு ஒவ்வொரு அணிக்கும் ஒரு பையனையே தலைவனாக்கினாரு. பொறுப்பை நிஜமாவே பையன் கையில குடுக்கிறது, அதுதான் இந்த இயக்கத்தோட உயிர். ஆனா மேல போகப் போக அது தேஞ்சு போகுது. உலக அமைப்பை நடத்துற உலக சாரணர் குழுவுல தேர்ந்தெடுக்கப்பட்டு ஓட்டு உள்ளவங்க 12 பேர். சேமாங்கும் நடந்த காலத்துல அவங்க கூட ஆறு இளைஞர் ஆலோசகர்களும் உக்காந்தாங்க, இளைஞர் மன்றத்துல தேர்வாகி வந்தவங்க, பேசலாம், ஆனா ஓட்டு கிடையாது. இளைஞர் அமைப்புல இளைஞனுக்கு ஓட்டு இல்லாம பேச்சு மட்டும் குடுக்கிறது எனக்கு நியாயமாப் படல, இதை நான் எந்த மேடையிலயும் சொல்லுவேன்.

சேமாங்கும்ல முகாமுக்கு முன்னாடி பத்து பேட்ரல் லீடருங்களை, கொரியாப் பிள்ளைங்களையே, ஜூலை மழைக்கப்புறம் அந்த எடத்துல ரெண்டு ராத்திரி தங்க வச்சிருந்தா போதும். அவங்க வந்து சொல்லியிருப்பாங்க, எங்க தண்ணி நிக்குது, எந்த கக்கூஸுக்கு எவ்வளவு தூரம் நடக்கணும், மத்தியானம் எங்க ஒதுங்குறதுன்னு. அங்க பிரதமரே நேர்ல வந்து கழிப்பறையைச் சுத்தமா வைங்கன்னு அதிகாரிங்களுக்குச் சொல்ல வேண்டியதாப் போச்சு.

அடுத்த உலக ஜம்போரி 2027 ஜூலைக் கடைசியில, போலந்துல, பாகுவுல தோத்துப் போன அதே க்டான்ஸ்க், அங்க சோபியெஷெவோங்கிற தீவு. நம்ம ஊர்ல இருந்து போற பிள்ளைங்க இருந்தா, அவங்க பெத்தவங்களுக்கும் கூட்டிட்டுப் போற ஆசிரியர்களுக்கும் என்னோட வேண்டுகோள், பணம் கட்டுறதுக்கு முன்னாடி கேள்வியை எழுத்துல அனுப்புங்க. முன்னோட்ட முகாம் எப்ப, அதுல தங்கினது யாரு, அவங்க என்ன எழுதிக் குடுத்தாங்க, எடத்தைக் காலி பண்ணணும்னா அந்த முடிவை எடுக்கிற ஒரு ஆளோட பேரு என்ன, காசு இல்லாத நாட்டுப் பிள்ளைங்க அன்னிக்கு எங்க போய்ப் படுப்பாங்க. பதில் வர்ற வரைக்கும் விடாம எழுதுங்க. கேள்வியை எழுதுற வேலையை இங்க உக்காந்திருக்கிற பேட்ரல் லீடருங்ககிட்டயே குடுங்க, தங்கப் போறது அவங்கதான். நன்றி.