விரிசலைப் பார்த்தவருக்குப் பதில் சொல்லுங்கள்

(தண்டையார்பேட்டையில் தொழிற்கல்வி மாணவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

திறந்தவெளிச் சுரங்கத்தில் ஆபத்தின் அறிகுறியைப் பார்த்த தொழிலாளர் அதைப் போன் செயலி மூலம் சொல்வது பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதற்கும் வட சென்னைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். 2001-இல் எண்ணூர் துறைமுகம் திறக்கப்பட்டதே முதலில் நிலக்கரி இறக்கத்தான். ஒடிசாவின் தால்சேர் பகுதியில் வெட்டும் கரி ரயிலேறி பாரதீப் போய், கப்பலில் இங்கே வந்து, கன்வேயர் வழியாக அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. அந்தக் கரியை வெட்டுகிறவர் ஷிப்ட் முடிந்து பத்திரமாக மேலே ஏறி வருகிறாரா என்பது நம் கவலையும்தான்.

நெய்வேலியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்ணைப் படிபடியாக வெட்டிக்கொண்டே கீழே இறங்குவார்கள். ஒவ்வொரு படியும் ஒரு பெஞ்ச். வெட்டிய மேல்மண்ணை ஒரு பக்கம் மலையாகக் கொட்டுவார்கள். பெஞ்சோ மண்மேடோ சரிவதற்கு முன்னால் பெரும்பாலும் ஏதாவது அறிகுறி தெரியும். மேல் விளிம்பில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். அடிவாரத்தில் மண் லேசாகப் பிதுங்கியிருக்கும். காய்ந்து கிடந்த இடத்தில் ஈரம் கசியும். இதை முதலில் பார்ப்பவர் ஆபீஸில் இருக்கும் மேனேஜர் அல்ல. மண் அள்ளும் டம்பர் லாரி ஓட்டுகிறவர், பம்ப் பார்க்கிறவர், சர்வேக்குக் கோல் பிடிக்கிறவர். இவர்களில் பலர் காண்ட்ராக்ட் ஆட்கள்.

2016 டிசம்பர் 29-ஆம் தேதி ஜார்க்கண்டில் ராஜ்மகல் திறந்தவெளிச் சுரங்கத்தில் மண் சரிந்து 23 பேர் இறந்தார்கள். விரிசலை முன்பே பார்த்ததாகத் தொழிலாளர்கள் சொன்னதை அப்போதைய செய்திகளில் படித்தோம். அந்த வரியை என்னால் இன்றும் எளிதாகக் கடந்து போக முடியவில்லை.

இன்னொரு சரிவையும் சொல்ல வேண்டும். 2013 ஏப்ரல் 10, அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிங்கம் கேன்யன் தாமிரச் சுரங்கம். அங்கே சரிந்தது சுமார் 14 கோடி டன் பாறை. ஒருவருக்கும் காயம் இல்லை. சரிவு நகர்வதை ரேடாரும் மற்ற கருவிகளும் பிப்ரவரியிலேயே காட்டிவிட்டன. வேகம் கூடக் கூட வேலையை ஒதுக்கினார்கள், பாதையை மாற்றினார்கள், அன்று பகலிலேயே ஆட்களை வெளியேற்றினார்கள். இரவில் மலை இறங்கியது. ரேடார் இருந்ததால் மட்டும் அவர்கள் தப்பிக்கவில்லை. அது சொன்னதைக் கேட்டு உற்பத்தியை நிறுத்த ஒருவர் தயாராக இருந்தார். நான் இன்று வலியுறுத்த வந்தது அதைத்தான்.

எல்லாப் பள்ளத்திலும் ரேடார் வைக்க முடியாது. ஆனால் எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அதை வைத்து என்ன செய்யலாம்?

விரிசலுக்கு இரு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, இடைவெளியை டேப் வைத்து அளப்பது பழைய முறை. இன்றும் அருமையான முறை. காலையில் 42 சென்டிமீட்டர், மதியம் 43, மாலையில் 46 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு தெரியாதவருக்கும் விஷயம் புரியும்: வேகம் பிடிக்கிறது, ஆட்களை எடுக்க வேண்டும். ஆனால் ரெஜிஸ்டரில் இந்த மூன்று எண்களும் மூன்று ஷிப்டில், மூன்று கையெழுத்தில், மூன்று பக்கங்களில் கிடக்கும். டிரைவர் வாயால் சொன்னதை, அந்தப் பகுதியின் பாதுகாப்பைப் பார்க்கும் மைனிங் சர்தார் ஷிப்ட் முடிந்ததும் ஞாபகத்திலிருந்து எழுதியிருப்பார். 'கிழக்குப் பக்கம் மூன்றாவது பெஞ்ச்' என்றிருக்கும். எந்த இடம் என்று அடுத்த ஷிப்ட் மேற்பார்வையாளரான ஓவர்மேன் தேட வேண்டும். போனில் எடுத்தால் படத்தோடு நேரமும் இடமும் சேர்ந்தே வரும். முளைகளும் டேப்பும் தெரியும் மூன்று படங்களை அடுத்தடுத்து வைத்தால் விவாதமே வேண்டாம்.

சரி, இதில் சிக்கல் இல்லையா? நிறைய இருக்கிறது. வெடிமருந்தைத் தூண்டும் மின் டெட்டனேட்டர் வைத்து வெடிக்கும் இடத்தருகே போன் கொண்டு போகவே கூடாது. ரேடியோ அலை ஆபத்து. வண்டி ஓடும்போது டிரைவர் போனைத் தொடக் கூடாது. பள்ளத்தின் அடியில் சிக்னல் கிடைக்காது. அதனால் செயலி படத்தைத் தன்னிடமே வைத்திருந்து, மேலே வந்ததும் தானாக அனுப்ப வேண்டும். ஆனால் உடனே ஆளை எடுக்க வேண்டிய ஆபத்துக்குப் போன் காத்திருக்கக் கூடாது. அதற்கு வாக்கி டாக்கியும் சைரனும்தான். அப்புறம், புழுதி படிந்த திரையில் கையுறையோடு இருபது கட்டங்களை நிரப்பச் சொன்னால் யார் நிரப்புவார்? ஒரு படம், தன் மொழியில் பத்து விநாடி குரல். போதும்.

இதையெல்லாம் நம் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். கடினமான பகுதி அனுப்பிய பிறகு வருவது. ஒருவர் ஒரு முறை சொல்வார், இரண்டாம் முறை சொல்வார். எந்தப் பதிலும் வராவிட்டால் மூன்றாம் முறை வாயைத் திறக்க மாட்டார். ஆகவே ஒவ்வொரு தகவலுக்கும் யார் பொறுப்பு, எத்தனை மணிக்குள் பார்ப்பார், பார்த்து என்ன செய்தார் என்பது சொன்னவரின் போனுக்குத் திரும்பி வர வேண்டும். ஷிப்ட் மாறும் இடத்தில் பெரிய திரையில் எல்லாரும் பார்க்கும்படி நிற்க வேண்டும். 'ஆபத்து இல்லை' என்று முடிவெடுத்தாலும் காரணம் எழுத வேண்டும்.

பயத்தையும் பேசியாக வேண்டும். காண்ட்ராக்ட் ஆள் வாய் திறந்தால் நாளைக்கு கேட் பாஸ் இருக்காது என்று நினைக்கிறார். விமானத் துறை இதற்கு ஒரு வழி கண்டது. 1974 டிசம்பரில் வாஷிங்டன் அருகே ஒரு விமானம் மலையில் மோதி அதில் இருந்த அனைவரும் இறந்தனர். சில வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவனத்தின் விமானம் அதே மலையில் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த எச்சரிக்கை அந்த நிறுவனத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. அதன் பிறகு 1976-இல் நாசாவிடம் ஒரு ஏற்பாடு வந்தது. விமானியோ வேறு யாரோ நடந்ததைச் சொல்லலாம். நாசா பெயரை நீக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்குத் தெரிவிக்கும். தண்டிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் தகவல் நேரே போகாதது அதன் பலம். சுரங்கச் செயலிக்கும் அப்படி ஒரு நடுவிடம் வேண்டும். தொழிலாளர் தரப்பு ஆய்வாளரும் சுரங்கப் பாதுகாப்புக் குழுவும் நம் சுரங்க விதிகளிலேயே இருக்கிறார்கள். செயலியில் வரும் தகவலைத் திறந்து பார்க்கும் சாவியை அவர்களிடமும் கொடுங்கள்.

தயவுசெய்து இலக்கு மட்டும் வைக்காதீர்கள். மாதம் இத்தனை தகவல் என்றால், உடைந்த குழாயும் எரியாத பல்பும் குவியும். விரிசல் அதற்குள் புதைந்துவிடும்.

கடைசியாக நம் ஊர் விஷயம். 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல்மின் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் அசாமிலிருந்து வந்தவர்கள். அன்று என்ன தவறு என்பதை விசாரணைதான் சொல்ல வேண்டும். நான் கேட்பது வேறு. அப்படி ஒரு தளத்தில் ஏதோ ஆடுவதைப் பார்க்கும் ஒருவர், எந்த மொழியில், யாரிடம் சொல்வார்? இங்கே உட்கார்ந்திருக்கும் பாலிடெக்னிக் மாணவர்களிடம் கேட்கிறேன். செயலி எழுதினால் முதல் பதிப்பைக் கல்லூரியில் காட்டுவதற்கு முன் அத்திப்பட்டில், மீஞ்சூரில் அறையெடுத்துத் தங்கியிருக்கும் அந்தத் தொழிலாளர்கள் கையில் கொடுங்கள். ஒடியாவிலும் இந்தியிலும் அசாமியிலும் பேசச் சொல்லுங்கள். எந்த இடத்தில் விரல் தயங்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். அந்த இடத்தை மாற்றி எழுதிக்கொண்டு மறுபடியும் அவர்களிடமே போங்கள்.

நன்றி, வணக்கம்.