வாய் திறக்க இடம் எங்கே?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "நாடகம், விவாத மேடை, உரையாடல் மன்றமெல்லாம் பொழுதுபோக்கு, மொழி வருவது வகுப்பறையில்தான்" என்று அடித்துச் சொன்னார். நன்றாகவே பேசினார். அப்படிப் பேச எந்தப் பாடவேளையில் கற்றார் என்பதை மட்டும் சொல்லாமல் அமர்ந்துவிட்டார்.

ஒரு கணக்குப் போடுவோம். 45 நிமிட வகுப்பு, 40 மாணவர்கள். ஆசிரியர் ஏறக்குறைய மௌனவிரதம் இருந்தால்கூட ஆளுக்கு ஒரு நிமிடம்தான் தேறும். அப்படியொரு ஆசிரியரை நான் கண்டதில்லை.

"கேட்டுக்கொண்டே இருந்தால் பேச்சு தானாக வரும்" என்றும் நண்பர் சொன்னார். கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகள் பிரெஞ்சு வழியிலேயே பாடம் படித்தார்கள். பல ஆண்டுகள் கேட்டதால் நன்றாகவே புரிந்துகொண்டார்கள். பேசும்போது மட்டும் இலக்கணத்தில் பின்தங்கினார்கள். தாமே பேசியாக வேண்டிய கட்டாயம் அவர்களுக்குப் போதவில்லை என்று 1985இல் மொழி கற்றலை ஆராய்ந்த கனடா அறிஞர் மெரில் ஸ்வெய்ன் எழுதினார்.

கேட்பதும் எளிதல்ல, நடுவர் அவர்களே. உரையாடலில் ஒருவர் முடிப்பதற்கும் மற்றவர் தொடங்குவதற்கும் நடுவே சுமார் 200 மில்லி விநாடிதான் இடைவெளி. ஒரே ஒரு சொல்லை மனத்தில் எடுத்துச் சொல்லவே அதைப்போல் மும்மடங்கு நேரம் பிடிக்கும். ஆகவே எதிராளி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எங்கே முடிப்பார் என்று காது ஊகிக்க வேண்டும். பதிலும் உருவாகத் தொடங்கிவிட வேண்டும். ஒலிப்பதிவைக் கேட்டுச் சரியா தவறா என்று குறிக்கும் பயிற்சியில் இந்த அவசரமே கிடையாது. விவாத மேடையில் உண்டு: சரியாகக் கேட்காதவன் மறுக்க முடியாது. நாடக ஒத்திகையிலும் உண்டு. அங்கே ஒரே வசனத்தைக் கோபமாக, கெஞ்சலாக, கேலியாகத் திரும்பத் திரும்பச் சொன்னாலும் சலிப்பதில்லை. கூச்சப்படும் மாணவிக்கோ, தடுமாறினாலும் அது கதாபாத்திரத்தின் தடுமாற்றம்!

எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பேச்சுப் போட்டியை நான் இதில் சேர்க்கவில்லை. எதிரணி அதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

"மன்றங்களில் பிழையாகவே பேசிப் பழகிவிடுவார்களே" என்கிறார்கள். சொன்னது புரியாவிட்டால் எதிரே இருப்பவர் "என்ன?" என்று கேட்கிறார். பேசியவர் அங்கேயே வாக்கியத்தை மாற்றிச் சொல்கிறார். எல்லாப் பிழையும் இப்படித் திருந்தாது. ஆனால் பொருளைக் கெடுக்கும் பிழை பெரும்பாலும் தப்பாது. வாயே திறக்காதவரின் பிழையை எந்த ஆசிரியர் திருத்துவார்? எதிரணியின் அடுத்த பேச்சாளர் பதில் சொல்லட்டும். கையிலுள்ள குறிப்பைப் பார்க்காமல் சொன்னால் இன்னும் மகிழ்வேன்.